பிரிந்திருந்தும் ஒருங்கு கொண்டாடுதல்

பண்டிகை என்றவுடன் பெருங் கூட்டமே நம் நினைவிற்கு வருகின்றது. ஊரார் ஒருங்கு கூடுதலும், ஒரு கூரையின்கீழ் நின்று பாடுதலும், உணவு பகிர்ந்துண்டலும் இல்லையாயின் அது பண்டிகையாகுமோ என்று வினவுவார் பலர். இவ்வினாவிற்கு யூதரது பஸ்காப் பண்டிகையின் வரலாறு தக்கதொரு விடை பகர்கின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை நோக்குக. முதற் பஸ்கா கூட்டங்கூடிக் கொண்டாடப்பட்டதன்று. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர், அவ்விரவு விடியுமளவும் தத்தம் வீட்டு வாயிலைக் கடத்தலாகாது என்று கட்டளை பெற்றனர். வீடுதோறும் ஓர் ஆட்டுக்குட்டியும், புளிப்பில்லாத அப்பமும், கசப்பான கீரையும் உண்ணப்பட்டன. வீடுகள் பலவாயினும் இரவு ஒன்று, உணவு ஒன்று, எதிர்நோக்கிய விடுதலையும் ஒன்று. ஆகவே அவர்களைப் பிணித்தது இடமன்று, காலமும் செயலுமே என்பது பெறப்படும்.

பிற்காலத்தில் பண்டிகைக்கு எருசலேம் தேவாலயத்திற்குச் செல்லுதல் கடமையாயிற்று. ஆயினும் தொலைவில் வாழ்ந்தாரும் பலர் உளர். எகிப்திலே நைல் நதியின் எலிபண்டைன் என்னுந் தீவில் காவற்படையினராயிருந்த யூதர்க்குக் கி. மு. 419இல் எழுதப்பட்ட அரமேய மொழிக் கடிதமொன்று சிதைந்த நிலையிற் கிடைத்துள்ளது. புளிப்பில்லாத அப்பத்திற்குரிய நாட்களையும் ஒழுக்கங்களையும் அது அறிவிக்கின்றது. நெடுந்தொலைவிலிருந்தாரும் தம் இனத்தாரோடு ஒரே நாளில் உண்ணவேண்டும் என்பதன்றோ அதன் கருத்து?

அந்நாளில் மாதப்பிறப்புப் பிறை கண்டே துணியப்பட்டது. அச்செய்தியை முதலில் மலையுச்சிகளில் தீ மூட்டியும், பின்னர்த் தூதரை விடுத்தும் அறிவித்தனர். தூதர் உரிய காலத்திற் சென்றெட்டாத நாட்டினர், நாள் தவறுமோ என்றஞ்சி, ஒரு நாட் பண்டிகையை இரு நாட் கொண்டாடினர். கணித முறையால் நாள் உறுதிப்பட்ட பின்னும் அவ்வழக்கம் இஸ்ரவேல் நாட்டிற்குப் புறத்தே பலரிடம் இன்றும் நிலவுகின்றது.

கி. பி. 70இல் உரோமர் தேவாலயத்தை அழித்தனர். பலி நின்றது, பண்டிகையோ நிற்கவில்லை. அது வீட்டு உணவுமேசைக்குத் திரும்பியது. வீட்டின் இளையோர் வினவ, மூத்தோர் விடுதலையின் வரலாற்றை எடுத்துரைப்பர். மறு ஆண்டு எருசலேமிற் கூடும் வேட்கையைக் கூறி முடிப்பர். பிரிவை அவர்கள் மறந்தாரல்லர். அதனையும் வழிபாட்டின் ஓர் உறுப்பாக்கினர்.

கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டில், ஏப்ரல் 8ஆம் நாள் மாலை பஸ்கா தொடங்கியபோது, முதியோர் பலர் தனித்தே அமர நேர்ந்தது. காணொளிக் கருவி வாயிலாக உறவினரோடு சேர்ந்திருக்கலாம் என ரபிமார் சிலர் இசைந்தனர். திருநாளில் அக்கருவியை இயக்குதல் விதிக்கு மாறாம் என வேறு சிலர் மறுத்தனர். நான்கு நாள் கழித்து வந்த உயிர்த்தெழுதற் பண்டிகையின்போது நம் நாட்டுக் கோயில்களும் அடைக்கப்பட்டிருந்தன. அன்று சிறுவராயிருந்த யாம் வீட்டினுள்ளே பாடினோம். எங்கள் குரல் எங்களுக்கே மெலிந்து கேட்டது. எனினும் அதே வேளையில் அதே பாடல் வேறு வீடுகளிலும் எழும் என்னும் நினைவு எங்களைத் தேற்றியது. ஆயினும், தேற்றுதற்கு ஒருவருமின்றித் தனித்திருந்தார் நிலை யாதாயிற்று?

இதற்கும் அவ்வதிகாரத்திலேயே விடையுண்டு. ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஒரு வீட்டார் போதாராயின், அயல் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டுமென அது விதிக்கின்றது. வாயிலை அடைக்கப் பணித்த கட்டளையே, அதற்கு முன்னர் அயலாரை எண்ணிப் பார்க்கவும் பணித்தது. ஆதலின், பிரிந்திருந்து பண்டிகை கொண்டாடுவார்க்கு ஒரே நாளும் ஒரே உணவும் மட்டும் போதா. அடுத்த வீட்டில் தனித்திருப்பார் யாவர் என்று கேட்டறிதலும் அப்பண்டிகையின் பகுதியேயாம். அதனை மறந்த வீட்டில் விருந்து இருக்கலாம், பண்டிகை இராது.