வீட்டில் செய்யும் மின்சிகரெட்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு மருந்து தெளிக்கும் விவசாயி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது வழக்கம். தெளிப்பானிலிருந்து வரும் நுண்துளிகள் மூச்சோடு உள்ளே சென்றால் தீங்கு என்பதை அவர் அனுபவத்தில் அறிவார். அத்தகைய நுண்துளிகளை வேண்டுமென்றே நெஞ்சுக்குள் இழுக்கச் செய்யும் கருவி ஒன்று உண்டு. அதுவே மின்சிகரெட். இளைஞர்கள் 'வேப்' என்பார்கள். அதன் விற்பனைக்கு நாடெங்கும் தடை உள்ளது. ஆயினும் பழைய பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று கற்பிக்கும் படங்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன. ஆகவே இதன் தன்மையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

கருவியின் அமைப்பு

இன்று வழங்கும் மின்சிகரெட்டை 2003ஆம் ஆண்டில் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளர் உருவாக்கினார். ஒரு பாட்டரி, சூடேறும் கம்பிச் சுருள், பஞ்சுத் திரி, சிறிது திரவம் ஆகியவையே இதன் உறுப்புகள். மண்ணெண்ணெய் விளக்கின் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல், இத்திரி திரவத்தைச் சுருளுக்கு ஏற்றுகிறது. சூட்டினால் ஆவியான திரவம் உடனே குளிர்ந்து நுண்துளிகளாகின்றது. இது புகையன்று, ஆயினும் வெறும் நீராவியும் அன்று.

பழைய பொருள்களால் வரும் அபாயம்

இவ்வளவு எளிய கருவியைச் செய்வதில் என்ன தீங்கு என்று சிலர் கேட்கலாம். மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள லித்தியம் பாட்டரிக்குக் காவலாக ஒரு மின்சுற்று அமைந்திருக்கும். பாட்டரியை மட்டும் தனியே கழற்றினால் அக்காவல் நீங்கிவிடும். அதன் இரு முனைகளும் நேரே இணைந்தாலும், அளவுக்கு மேல் மின்னேற்றினாலும் அது தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும். பழைய பாட்டரியின் உட்சேதம் வெளியே தெரிவதில்லை. முகத்தருகே பிடிக்கும் கருவியில் இவ்விபத்து நேர்ந்தால் விளைவு கொடியதாகும்.

கம்பியிலும் பற்றவைப்பிலும் உள்ள நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் துளிகளோடு கலந்து நுரையீரலை அடையலாம். திரி காய்ந்து சூடு மிகுந்தால் திரவமே சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது.

திரவத்தில் இருப்பது என்ன?

பெரும்பாலான திரவங்களில் நிகோடின் உள்ளது. அசுவினியைக் கொல்ல நம் விவசாயிகள் தெளித்துவந்த புகையிலைக் கஷாயத்தின் வீரியமும் இதே நிகோடின்தான். இது தோல் வழியாகவும் உடலில் ஏறும். செறிவான திரவத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. இளைஞர்களை இது விரைவில் அடிமையாக்கிவிடும்.

அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டில் ஒருவகை நுரையீரல் நோய் திடீரெனப் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் மாண்டனர். முறையற்ற வழியில் கிடைத்த கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளே இதற்கு முக்கிய காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். உண்ணத் தகுந்த பொருள் யாவும் சுவாசிக்கத் தகுந்தவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

சட்டம் கூறுவது

தமிழக அரசு 2018இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019இல் மத்திய அரசின் தடைச் சட்டம் வந்தது. உறுப்புகளைப் பொருத்துவதும் 'உற்பத்தி' என்றே இச்சட்டம் கொள்கிறது. உற்பத்தி, விற்பனை, விளம்பரம், கொண்டுசெல்லுதல் ஆகியவற்றுக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை குற்றம் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிகோடின் இல்லாத கருவிக்கும் விலக்கில்லை. இது நாடு முழுமைக்குமான சட்டம். ஆதலால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய எல்லைகளுக்கு அப்பாலும் நிலை இதுவே.

நாம் செய்யத் தக்கவை

கிராமசபைக் கூட்டத்தில் இதனைப் பற்றி எடுத்துரைக்கலாம். பள்ளித் தலைமையாசிரியரையும் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரையும் அழைத்துப் பேசச் செய்யலாம். பழக்கத்தில் சிக்கிய பிள்ளையை அடிப்பதாலும் ஊரறிய அவமதிப்பதாலும் பயனில்லை. அவன் மறைவாகத் தொடர்வான். புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். திரவத்தை யாரேனும் விழுங்கிவிட்டால் தாமதியாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

கம்பியும் பாட்டரியும் கொண்டு எதையேனும் செய்து பார்க்கும் ஆர்வம் குற்றமன்று; அது ஊருக்குக் கிடைத்த செல்வம். அத்தகைய பிள்ளையைத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவோம். தாய் அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கும் விளக்குப்பொறியைத் தகுந்த பயிற்சியோடு நம் வயலுக்குச் செய்யச் சொல்வோம். அவன் கைத்திறன் பயிரைக் காக்கட்டும். அவன் நுரையீரலைக் கெடுக்க வேண்டாம்.