வெளியுறவுக் கொள்கையும் கணிதமும்: வியட்நாம் தந்த பாடம்

எதிர்த்தரப்பின் அடுத்த நகர்வைக் கணிதத்தின் மூலம் முன்கூட்டியே கணிக்க முடியும் என்ற நம்பிக்கை, பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. கலிபோர்னியாவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் இதற்கு முக்கியக் களமாக விளங்கியது.

ஆட்டக் கோட்பாடே இந்த அணுகுமுறையின் அடிப்படை. ஒரு தரப்பின் இலாப நட்டம், மறுதரப்பு எடுக்கும் முடிவையும் சார்ந்தது என்பது அதன் சாரம். அச்சுறுத்தலும் ஒருவகைப் பேரமே என்று 1960ஆம் ஆண்டு வெளியான நூலில் வாதிட்ட பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங், 2005ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வகைச் சிந்தனை வியட்நாமில் சோதனைக்குள்ளானது. 1965 மார்ச் மாதம் வட வியட்நாம் மீது தொடங்கிய தொடர் குண்டுவீச்சு, படிப்படியாகத் தீவிரப்படுத்தப்பட்டது. இழப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் ஹனோய் பணியும் என்பது வாஷிங்டனின் கணக்கு.

பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாராவின் காலத்தில், கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையே போரின் முன்னேற்றத்துக்கு அளவுகோலானது. களத்திலிருந்து வந்த எண்கள் பல மிகைப்படுத்தப்பட்டவை. எவ்வளவு இழப்பையும் தாங்கத் துணிந்த மன உறுதியோ, அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

1975 ஏப்ரல் 30ஆம் திகதி சைகோன் வீழ்ந்தது. தாங்கள் தவறிழைத்துவிட்டதாக 1995ஆம் ஆண்டு வெளியான நினைவுக் குறிப்புகளில் மக்னமாரா ஒப்புக்கொண்டார்.

கணிதம் பயனற்றது என்பதல்ல இதன் பொருள். தெரிவுகளை ஒப்பிட அது உதவும். ஆனால் எதிர்த்தரப்பு எதைப் பெரிதாக மதிக்கிறது என்பதை, அதன் வரலாற்றையும் மொழியையும் அறிந்தவர்களிடமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.