ஏலத்தில் வந்த ராணுவ லாரி

அமெரிக்க ராணுவம் கழித்து ஏலம் விட்ட எம்35ஏ2 லாரிகளில் 24 வோல்ட் மின்னிணைப்பு. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் கேபிளையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்து, ஃபில்டர்களை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

எம்இபி-803ஏ என்ற 10 கிலோவாட் ராணுவ ஜெனரேட்டருக்கும் இதே வரிசைதான். இன்ஜின் ஓடியும் மின்சாரம் வராவிட்டால் உடனே சுருளைச் சந்தேகிக்க வேண்டாம். வோல்டேஜ் எழும்வரை ஸ்டார்ட் சுவிட்சைப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் பேட்டரி, காந்தச் சுருளைத் தூண்டிவிடும்.

லாரியில் மிகவும் அஞ்ச வேண்டியது பிரேக். எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று என்பதால், ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். பழைய ரப்பர் குழாய்களை மாற்றாமல் சாலையில் இறக்கவே கூடாது.