கனேரியத் தீவுகள்: சாம்பலும் முகிலும்

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்திலே, வட அகலக்கோடு 27 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் அமைந்திருப்பன கனேரியத் தீவுகள். ஸ்பானிய நாட்டிற்குரிய இத்தீவுகள் கனேரிக் குருவியினாற் பெயர் பெற்றன என எண்ணுவாருளர். உண்மை அதற்கு மறுதலையானது. குருவிக்குப் பெயரளித்ததே தீவு. தீவுக்குப் பெயரளித்தவையோ, உரோமானிய அறிஞராகிய பிளினியின் கூற்றுப்படி, அங்கு மிகுதியாய் வாழ்ந்த பெரிய நாய்களாம்.

இத்தீவுகள் கண்டத்தினின்று பிரிந்த துண்டுகளல்ல. கடலடித்தளத்திலிருந்து எரிமலைகள் கக்கிய பாறை படிந்து படிந்து உயர்ந்தமையால் உண்டானவை. அவற்றின் வயதும் ஒன்றன்று. கிழக்கேயுள்ள புவேர்த்தவெந்துரா 2 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மேற்கு அந்தத்திலுள்ள எல் இயேரோ ஏறத்தாழ 11 இலட்சம் ஆண்டுகளே கொண்டது. முதிய தீவுகள் காற்றாலும் நீராலும் அரிக்கப்பட்டுத் தாழ்ந்துவிட்டன. இளையவை இன்னும் ஓங்கி நிற்கின்றன. தெனெரிபேத் தீவிலுள்ள தெயிதே சிகரம் 3,715 மீற்றர் உயர்ந்தது.

இவ்வுயர வேறுபாடே நீரின் பங்கீட்டையும் தீர்மானிக்கின்றது. வடகிழக்கு வியாபாரக் காற்றுக் கடலீரத்தைச் சுமந்துவந்து உயர்ந்த மலைகளின் வடசரிவிலே மோதி முகிற்படலமாகத் தங்கும். தாழ்ந்த கிழக்குத் தீவுகளையோ அது பெரும்பாலும் தடையின்றிக் கடந்து போய்விடும். முகில் தங்குமிடத்தில் மழை பெய்யாத நாளிலும் மரங்கள் நீர் பெறுகின்றன. இலைகளிற் படியும் மூடுபனி துளிகளாகி வேரடியில் வீழ்கின்றது. எல் இயேரோவில் கரோயே என்னும் ஒரு மரத்திலிருந்து இங்ஙனம் சொட்டிய நீரையே பழங்குடிகள் சேகரித்துப் பருகினர். 1610இல் வீசிய புயலில் அம்மரம் சாய்ந்தது. லா கோமெராத் தீவின் கரகோனாய்க் காட்டிலே இன்றும் இதனைக் காணலாம். முன்னொரு காலத்தில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்து பரவியிருந்து, பின்னர் அங்கு அழிந்தொழிந்த வாகையைச் சேர்ந்ததே அங்குள்ள பசுமைமாறா இலாரல் வனம். 2012இல் மூண்ட தீ அதன் ஒரு பகுதியை எரித்தது.

முகிலும் தங்காத, மழையும் பொழியாத லன்சரோத்தேத் தீவில் மக்கள் பயிர் செய்வது எவ்வாறு? அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் மாத்திரமே. 1730 செத்தெம்பர் 1ஆந் திகதி இத்தீவிலே பூமி பிளந்தது. வெடிப்பு 1736 ஏப்பிரில் வரை நீடித்தது. யாயிசா ஊர்க் குருவானவராகிய அந்திரேசு லொரென்சோ குர்வேலோ தாம் கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். ஊர்கள் புதைந்தன, தானியம் விளைந்த நன்னிலங்கள் மறைந்தன, தீவின் நாலிலொரு பங்கு எரிமலைப் பொருளால் மூடப்பட்டது.

ஆயின் எல்லா நிலமும் ஒரே வகையாற் கெடவில்லை. உருகியோடிய கற்குழம்பு உறைந்த இடங்களிற் பெரும்பாலும் பாறைப்பாசியன்றி இன்றும் ஒன்றுமில்லை. கறுப்புச் சாம்பலும் சிறு துகட்கற்களும் சொரிந்த இடங்களிலோ உழவர் ஒரு புதுமையைக் கண்டனர். சாம்பலின் கீழிருந்த பழைய மண் ஈரங்குன்றாதிருந்தது. அது இரவுப்பனியை ஈர்ப்பதாலென உழவர் கூறுவர். அதிலும் பெரிய பயன், பெய்த சிறு மழையை உள்ளே விட்டு, வெயில் அதனை ஆவியாக்காமற் காப்பதேயாகும். லா கேரியாப் பகுதியிலே இரண்டு மூன்று மீற்றர் ஆழமுள்ள கூம்புக் குழிகளைத் தோண்டி, வேர் பழைய மண்ணைச் சென்று தொடுமாறு குழிக்கொரு முந்திரிகைக் கொடி நட்டனர். காற்றைத் தடுக்கக் குழி விளிம்பில் அரைவட்டமாகக் கல் அடுக்கினர். பின்னர், சாம்பல் விழாத வயல்களுக்கும் அதனை அள்ளிச் சென்று பரப்பி வெங்காயமும் வற்றாளையும் விளைவித்தனர். அழிவாய் வந்ததை எருவினும் அரியதாகப் போற்றிய இவ்வுழவரைக் கல்லூரிப் புவியியல் நூல்கள் பெரிதும் பாராட்டுவதில்லை என்பது எமது குறை.

ஏற்றுமதிப் பயிர்களின் கதை வேறு. கரும்பு முதலில் வந்தது. 1493இல் கொலம்பசு இங்கிருந்தே கரும்பை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். அங்கு விளைந்த மலிவான சீனி இத்தீவுகளின் சீனித் தொழிலையே வீழ்த்தியது. பின்னர் மதுரசம், அதன்பின், சப்பாத்திக்கள்ளியில் வளர்க்கப்பட்ட கொச்சினீல் என்னும் செஞ்சாயப் பூச்சி. செயற்கைச் சாயங்கள் வந்ததும் அதுவும் நலிந்தது. இப்பொழுது முதன்மை பெறுவது வாழை. அது பெருநீர் வேண்டும் பயிர். ஆதலால் தெனெரிபேயில் மலையைக் குடைந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கிடைச் சுரங்கங்கள் வெட்டி உள்ளிருக்கும் நீரை வெளிக்கொணர்ந்தனர். எடுக்குந்தோறும் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து வருகின்றது. லன்சரோத்தேயின் முந்திரிகைக்கு இவ்வச்சமில்லை.

2021 செத்தெம்பர் 19ஆந் திகதி லா பால்மாத் தீவின் கும்பிரே வியேகா முகடு வெடித்தது. திசெம்பர் 13ஆந் திகதி வரை ஓடிய கற்குழம்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீற்றர் நிலத்தை மூடி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் வாழைத் தோட்டங்களையும் விழுங்கியது. இங்கு நிலத்தை மூடியது பெரும்பாலும் சாம்பலன்று, பாறை; குழி தோண்டி அடிமண்ணை எட்டுதல் இயலாது. இத்தீவினர் பழைய கற்குழம்புப் பாறைமீது மேட்டு நிலத்திலிருந்து மண்ணைச் சுமந்துவந்து கொட்டி, கல்லணை கட்டி வாழை நட்ட வழக்கமுடையவர்.