பட்டம் வாங்காமல் சொலிசிட்டர்: சின்ன நகரத்தில் இது எவ்வளவு சாத்தியம்?

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (ஒரு வகை வழக்கறிஞர்) ஆவதற்கு முதலில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளை ஒரு சட்ட அலுவலகத்தில் சம்பளத்துக்குச் சேரலாம். ஐந்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தபடியே படித்து சொலிசிட்டராகலாம். 2016இல் தொடங்கிய இந்த அப்ரண்டிஸ் வழி லண்டனின் பெரிய நிறுவனங்களில் வேர்பிடித்துவிட்டது. சால்ஸ்பரி போன்ற சின்னப் பேராலய நகரத்தில் அதே வழி கொஞ்சம் சுற்றிவளைத்துப் போகிறது. அந்தச் சுற்றில் ஒரு கண்ணியும் இருக்கிறது.

சால்ஸ்பரியை அறியாதவர்களுக்கு: தென் இங்கிலாந்தில், வில்ட்ஷையர் மாவட்டத்தில் உள்ள ஊர் இது. 123 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட பேராலயம், நாட்டிலேயே உயரமானது. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. சட்டத்தின் ஆதி ஆவணத்தையே கையில் வைத்திருக்கும் ஊருக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் இல்லை. லண்டன் வாட்டர்லூவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் போன இடத்திலேயே வேலையும் தேடிக்கொள்கிறார்கள். உள்ளூர் அலுவலகங்களோ இளையவர்கள் கிடைக்கவில்லை என்கின்றன.

வேலையோடு சட்டம் கற்பது புது ஏற்பாடல்ல. அட்டர்னி (அன்றைய சொலிசிட்டர்) ஆக விரும்புகிறவர் ஒரு மூத்தவரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து ஐந்தாண்டு பயில வேண்டும் என்று 1729இலேயே சட்டம் வந்துவிட்டது. பயிற்சிக்காக மூத்தவருக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும் என்பதுதான் அதில் இடித்தது. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் யூரியா ஹீப் இன்னொரு பேராலய நகரமான கேன்டர்பரியில் குமாஸ்தா. அவனுடைய ஏழைத் தாயால் அந்தத் தொகையைக் கட்ட முடியாது. முதலாளி விக்ஃபீல்டின் தயவில்தான் ஒப்பந்தம் கிடைக்கிறது. நம் ஊரில் சி.ஏ. மாணவர்கள் ஆடிட்டரிடம் போகும் ஆர்டிகிள்ஷிப், இந்த மரபின் கிளைதான். பிற்காலத்தில் பட்டப்படிப்பே வழக்கமான வாசலாக, பள்ளியிலிருந்து நேரே அலுவலகத்துக்குள் வருவது அருகிப்போனது.

இப்போது அந்தப் பணக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பல்கலைக்கழகம் போனால் ஆண்டுக் கட்டணமே, 2025-26 கல்வியாண்டுக் கணக்குப்படி, 9,535 பவுண்ட். அப்ரண்டிஸ் கட்டணம் கட்டுவதில்லை, சம்பளம் வாங்குகிறார். முதலாண்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, 2025 ஏப்ரல் கணக்குப்படி, மணிக்கு 7.55 பவுண்ட்தான். அதை வைத்து சால்ஸ்பரியில் தனியாக வீடு எடுத்துத் தங்க முடியாது. பெற்றோர் வீட்டிலிருந்து போய்வருபவருக்கே கட்டுப்படியாகும். வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் படிப்புக்கு. பாடம் பெரும்பாலும் இணையவழி என்பதால் லண்டனுக்கு ஓட வேண்டியதில்லை. பல திட்டங்களில் வழியிலேயே சட்டப் பட்டமும் கிடைத்துவிடுகிறது.

கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. 2021இல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வின் முதல் பகுதியில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் பகுதி கட்சிக்காரரைச் சந்திப்பது, வாதிடுவது, ஆவணம் எழுதுவது போன்ற 16 செய்முறைச் சோதனைகள். ஆக்ஸ்ஃபர்டில் படித்தவரும் சால்ஸ்பரியில் கோப்பு தூக்கியவரும் இதே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்.

சின்ன நகரத்து அலுவலகத்தில் நேரே இந்த ஆறாண்டுப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது அரிது. வழக்கமான முதல் படி, மூன்றாம் நிலை பாராலீகல் (சட்ட உதவியாளர்) அப்ரண்டிஸ், சுமார் இரண்டாண்டு. வீடு, நிலம் கைமாற்றும் வேலைக்கும், இறந்தவர் சொத்தைத் தீர்வு செய்யும் வேலைக்கும் நான்காம் நிலையில் தனிப் பயிற்சிகள் உண்டு. பேராலய நகரத்தின் அன்றாடச் சோறு இந்த இரண்டு வேலைகளும்தான் என்பதால், இவற்றைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை.

நீதிமன்றக் காட்சிகளை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துபோவார். தபால் பிரிப்பது, ஸ்கேன் செய்வது, பணமோசடித் தடுப்பு விதிப்படி கட்சிக்காரரின் பாஸ்போர்ட்டையும் முகவரிச் சான்றையும் சரிபார்ப்பது என்றுதான் முதல் மாதங்கள் போகும். பிறகு ஒருநாள் பழைய பத்திரக் கட்டு ஒன்று மேஜைக்கு வரும். விற்கும் நிலத்தை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவது இங்கிலாந்து முழுவதும் கட்டாயமானது 1990 டிசம்பர் 1 முதல்தான். நெடுங்காலம் கைமாறாத வீடுகளுக்கு அந்தக் காகிதக் கட்டே உரிமைச் சான்று. குறைந்தது 15 ஆண்டு பழைய மூலப்பத்திரம் ஒன்றிலிருந்து உரிமை அறுபடாமல் வந்திருக்கிறதா என்று தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் தாய்ப்பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கத்தையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

வில்லங்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் திருச்சபைக்கு உரியதாக இருந்த சில நிலங்களை இன்று வைத்திருப்பவர், ஊர்த் தேவாலயத்தின் பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்பது இடைக்காலத்து விதி. செத்துப்போன விதி என்று பலரும் நினைத்திருந்தார்கள். வாரிக்ஷையரில் பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதி அந்தச் செலவைக் கொடுத்தே தீர வேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2013 அக்டோபர் 13க்குப் பிறகு, பதிவேட்டில் குறிக்கப்படாத அந்தப் பொறுப்பு நிலத்தை விலைக்கு வாங்குபவரைக் கட்டாது. ஆனாலும் வீடு வாங்கும்போது இதற்கென ஒரு தேடல் போடும் வழக்கம் நிற்கவில்லை. பெரும்பாலும் அதைப் போடுவது அலுவலகத்தின் இளைய கைதான்.

திருச்சபையின் மறைமாவட்டத்துக்கென்று தனி நீதிமன்றமும் உண்டு. ஊர்த் தேவாலயத்தின் பழைய மர இருக்கைகளை அகற்ற வேண்டுமானால் அதன் அனுமதி வேண்டும். அந்த ஆவணங்களைக் கவனிக்கும் மறைமாவட்டப் பதிவாளர் பல இடங்களில் தனியார் அலுவலகத்தில் பணிபுரியும் சொலிசிட்டர்தான். லண்டனில் வங்கி ஒப்பந்தங்களின் ஒரு மூலையை மட்டும் பார்க்கும் அப்ரண்டிஸுக்கு வாய்க்காத அகலம் இது. சின்ன ஊரின் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

பிறகு ஏன் இடங்கள் குறைவு? காசு பெரிய தடையல்ல. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள்தான் அப்ரண்டிஸ் வரி கட்டுகின்றன. சிறு நிறுவனத்தில் சேரும் 22 வயதுக்கு உட்பட்டவரின் பயிற்சிக் கட்டணத்தை 2024 ஏப்ரல் முதல் அரசே முழுமையாக ஏற்கிறது. இடிப்பது நேரம். நாலைந்து சொலிசிட்டர்கள் உள்ள அலுவலகத்தில் ஒருவர் பழக்கிவிட உட்கார்ந்தால், அந்த மணி நேரத்துக்கு யாருக்கும் பில் போட முடியாது. ஆறாண்டு பழக்கிய பிள்ளை தேர்வில் வென்ற மறுமாதம் அதிகச் சம்பளத்துக்குப் பக்கத்துப் பெரிய நகரமான சவுத்தாம்ப்டனுக்குப் போய்விடலாம் என்ற பயமும் உண்டு. அது நியாயமான பயம்தான். நல்ல ஆள் வேண்டும், பழக்கிவிட மாட்டோம் என்றால் ஆள் எங்கிருந்து வரும் என்பதும் நியாயமான கேள்வி.

கண்ணி என்று சொன்னது வயதைப் பற்றி. சொலிசிட்டர் பயிற்சி ஏழாம் நிலையில் வருகிறது. 2026 ஜனவரி முதல் ஏழாம் நிலைக்கு அரசு நிதி, தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. மாற்றுத்திறன் ஆதரவுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும் 25க்குக் கீழ் வரை சலுகை உண்டு. லண்டனில் 18 வயதில் நேரே சேர்பவருக்கு இதனால் சிக்கலில்லை. சின்ன ஊரில் பாராலீகலாகத் தொடங்கி மேலே ஏறுபவரைத்தான் இது அடிக்கிறது. 18இல் சேர்ந்தால் 20இல் முதல் படி முடியும், நேரம் இருக்கிறது. 20இல் சேர்ந்தால் அடுத்த படிக்கு நிற்கும்போது வயது 22. வாய்ப்புகள் குறைந்த ஊர்களையே பார்த்து அடிப்பதுபோல் அமைந்த விதி. வயது தவறியவர்களுக்கு சிலெக்ஸ் அமைப்பின் தேர்வுகளைக் கட்டங்கட்டமாக எழுதி வழக்கறிஞராகும் பாதை உண்டு. அதற்கும் பட்டம் கேட்பதில்லை. ஆனால் செலவை அலுவலகமோ நீங்களோதான் ஏற்க வேண்டும்.

இத்தனை சிக்கல் இருந்தாலும் அங்கே பயில்பவருக்குச் சம்பளம் உண்டு; ஜூனியர் வழக்கறிஞருக்குச் சம்பளம் கொடுப்பது நம் ஊரில் இன்னும் தீராத விவகாரம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில்தான் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது.

இங்கிலாந்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு: மாணவர் விசாவில் வந்தவர்கள் இந்தப் பயிற்சியில் சேர முடியாது, குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள பிள்ளைகளுக்கே இது பெரும்பாலும் பொருந்தும். பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே உள்ளூர் அலுவலகங்களுக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். சின்ன அலுவலகங்கள் எல்லா இடத்தையும் விளம்பரப்படுத்துவதில்லை. பாராலீகல் வேலை கிடைத்தால், சேரும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: 22ஆம் பிறந்தநாளுக்கு முன் சொலிசிட்டர் பயிற்சிக்கு மாற்றிவிடுவீர்களா?