ஒரு கிலோ பருப்பின் பயன்

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் முகாம்களின் எண்ணிக்கையும் பயனாளிகளின் எண்ணிக்கையும் செலவுத் தொகையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை செய்த வேலையைக் காட்டுமேயன்றி, அதனால் மக்கள் வாழ்வில் விளைந்த மாற்றத்தைக் காட்டா. திட்டம் வராதிருந்தால் அதே மக்களின் நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பது தெரிந்தால்தான் அம்மாற்றம் புலப்படும். ஒரே ஊர் ஒரே காலத்தில் திட்டத்தைப் பெற்றும் பெறாமலும் இருக்க இயலாதாகையால், ஒத்த ஊர்களுள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே மட்டும் திட்டத்தை நடத்தி, ஏனைய ஊர்களோடு ஒப்பிடுகின்றனர். இதுவே சமவாய்ப்புச் சோதனை எனப்படுகிறது.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனமும், பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் 134 சிற்றூர்களில் நடத்திய தடுப்பூசி ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. 30 ஊர்களில் மாதந்தோறும் தவறாது முகாம் நடந்தது. வேறு 30 ஊர்களில் முகாமோடு, ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாத் தவணைகளும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் வழங்கப்பட்டன. 74 ஊர்கள் ஒப்பீட்டுக்காக இருந்தன. ஒன்று முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுள் எல்லாத் தவணைகளையும் முடித்தவர்கள் ஒப்பீட்டு ஊர்களில் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 சதவீதம், பருப்பும் தந்த ஊர்களில் 39 சதவீதம். முதல் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாய், கூலி வேலையை விட்டுவிட்டு ஐந்து முறை வரவேண்டியிருந்ததால், இடையில் நின்றுபோனவர்கள் பலர். பருப்பு அவர்களுள் பலரைக் கடைசித் தவணை வரை வரச்செய்தது. செலவுக் கணக்கோ இன்னும் வியப்புக்குரியது: செவிலியரின் ஊதியமும் பயணச் செலவும் எத்தனை குழந்தைகள் வந்தாலும் பெரிதாக மாறாதவை என்பதால், முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தை ஒன்றுக்கான செலவு, முகாம் மட்டும் நடந்த ஊர்களில் ஏறக்குறைய 56 டாலராக இருக்க, இலவசப் பருப்பு தந்த ஊர்களில் 28 டாலராகக் குறைந்தது. ஒப்பீடின்றி இதனை ஊகித்திருக்க முடியாது.

எப்போது அளப்பது என்பதும் அதே அளவு முக்கியமானது. அதே உதய்ப்பூர் மாவட்டத்தில் அரசுச் செவிலியரின் வருகையைச் சேவா மந்திர் பதிவுசெய்ய, வராதவர்கள்மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்த திட்டம் தொடக்கத்தில் மிகுந்த பலன் தந்தது. சில மாதங்களில் நிர்வாகமே பணிக்கு வராமலிருக்க விலக்கு நாள்களைத் தாராளமாக வழங்கத் தொடங்கியதால், 18 மாதங்களில் அப்பலன் முற்றிலும் மறைந்தது. முதல் சில மாதங்களோடு கணக்கெடுப்பு நின்றிருந்தால், அது வெற்றிபெற்ற திட்டம் என்றே பதிவாகியிருக்கும்.