ஈஸ்டர் காலத்து மலாக்கா

மலாக்கா மூன்று ஐரோப்பிய வல்லரசுகளிடம் கைமாறிய துறைமுக நகரம். 1511 ஆகஸ்டில் அல்புகெர்க் தலைமையிலான போர்த்துக்கீசியர் இதைச் சுல்தானிடமிருந்து பறித்தனர். 1641 ஜனவரியில் டச்சுக்காரர் வென்றனர். 1824-இல் டச்சுக்காரரோடு செய்த ஒப்பந்தத்தின்படி நிரந்தரமாகப் பிரிட்டிஷாருக்குப் போனது. அந்த ஆட்சிகள் விட்டுச்சென்ற கோட்டை வாசல், நகர மண்டபம், தேவாலயங்கள் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் நெருங்கி நிற்கின்றன. ஐரோப்பியப் பழநகரத்தில் ஈஸ்டர் விழாவைப் பார்க்க லிஸ்பனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ போக வேண்டியதில்லை. ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு மலாக்கா ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் இடம். 2008 ஜூலை 7 அன்று பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து இந்நகரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். பங்குனி உத்திரமும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வருவதால் இரண்டும் பல ஆண்டுகளில் சில நாள் இடைவெளியில் அமைகின்றன. 2024-இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. ஐரோப்பாவில் இது பனி விலகி மரம் துளிர்க்கும் பருவம். மலாக்காவில் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை என்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஒப்ப மாட்டார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை முழுவதையும் உதிர்த்து, செந்தளிர் விட்டு, பூக்கும். அப்போது பாலும் குறையும். தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிய பிறகு இந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

நகரத்தில் முதலில் கண்ணில் படுவது டச்சுச் சதுக்கம். 1650-இல் எழுந்த ஸ்டாட்தைஸ் மண்டபம் டச்சு ஆளுநரின் அலுவலகமாக இருந்தது. அதன் பக்கத்திலுள்ள கிறைஸ்ட் சர்ச்சுக்கு, டச்சு ஆட்சியின் நூறாண்டு நிறைவாக 1741-இல் அடிக்கல் நாட்டி, 1753-இல் கட்டி முடித்தார்கள். கூரையைத் தாங்கும் நீண்ட உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தவை. எல்லோரும் படம் எடுக்கும் இவ்விரு கட்டடங்களின் சிவப்பு நிறம் பிரிட்டிஷ் காலத்தில் பூசியது. டச்சுக்காரர் காலத்தில் அவை வெள்ளைக் கட்டடங்கள்.

சதுக்கத்துக்குப் பின்னாலுள்ள குன்றின் அடிவாரத்தில் போர்த்துக்கீசியக் கோட்டையின் ஒற்றை வாசல் எஞ்சியிருக்கிறது. 1824-க்கு முன்பே நகரைத் தற்காலிகமாகத் தம் வசம் வைத்திருந்த பிரிட்டிஷார் 1807-இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது தப்பியது அது மட்டுமே. குன்றின் மேலே 1521-இல் தொடங்கிய புனித பவுல் தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. தமிழர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றி, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த புனித சவேரியார் 1545-இல் மலாக்கா வந்து இந்தக் குன்றில் பிரசங்கம் செய்தார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த அவரது உடல், கோவா போகுமுன் 1553-இல் சில மாதங்கள் இந்த ஆலயத்தில்தான் புதைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழி இன்றும் கம்பிவலைக்குள் இருக்கிறது.

ஈஸ்டர் வாரத்தின் உயிர் இந்தப் பழஞ்சுவர்களில் இல்லை. ஜாலான் பெண்டஹாராவிலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினர். முதலில் கத்தோலிக்கரை ஒடுக்கிப் பின்னர் இறங்கிவந்தார்கள். அதன் பயனாக 1710-இல் எழுந்த இக்கோயில், மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்க ஆலயங்களில் மிகப் பழையது. கோவாவில் 1608-இல் வார்த்த மணி அதன் கோபுரத்தில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று இறந்த இயேசுவின் ஆளுயரச் சொரூபத்தைத் தோளில் சுமந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பவனி வருகிறார்கள். போர்த்துக்கீசிய வம்சாவளியினர், சீனர், தமிழர் என்று ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. வேலை முடித்து வருவோர் முன்கூட்டியே கிளம்புவது நல்லது. இது காட்சி அல்ல, துக்கச் சடங்கு. பேச்சையும் கேமரா வெளிச்சத்தையும் தவிர்க்க வேண்டும். சனி இரவு இருளில் புது நெருப்பு மூட்டி உயிர்ப்பு வழிபாடு தொடங்கும்.

இந்த நகரத்தை ஐரோப்பியர் கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது தவறு. 1511-க்கும் முன்பே இங்கே தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரான நைனா சாட்டுவைப் போர்த்துக்கீசியர் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் நியமித்தனர். அந்த வணிகர் மரபில் வந்த மலாக்கா செட்டிகள் மலாய் பேசி, சைவம் காத்து, இன்றும் காஜா பேராங்கில் வாழ்கிறார்கள். டச்சு அரசு தந்த நிலத்தில் 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிறது; அதே தெருவில் கம்போங் கிளிங் மசூதியும் அருகே செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. செட்டிகளின் மாரியம்மன் திருவிழாவும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. சிவப்புச் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் குடும்பங்கள் அடுத்த முறை மலாக்கா ஆற்றைக் கடந்து அந்தத் தெருவுக்கும் காஜா பேராங்குக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வேண்டும்.